ஈரமான கான்கிரீட்ல ரேடார் ஸ்கேனர் சொல்ற ஆழத்தை எவ்வளவு நம்பலாம்? யூஸ் பண்ணிப் பாத்த ரிவ்யூ

உள்ள இருக்கிற கம்பி, பைப்பைக் கண்டுபிடிக்க கையில பிடிச்சு சுவர்லயும் ஸ்லாப்லயும் உருட்டுற ரேடார் ஸ்கேனர் வாங்கலாமான்னு கேக்குற எல்லாரும் முதல்ல கேக்குறது எவ்வளவு ஆழம் வரைக்கும் பாக்கும்னுதான். பெட்டி மேல 60 செ.மீ.ன்னு போட்டிருக்கு, அது பொய் இல்ல, ஆனா அது நல்லா காஞ்ச கான்கிரீட்டுக்கான கணக்கு. அதைவிட முக்கியமா கேக்க வேண்டியது, "10 செ.மீ.ல கம்பி இருக்கு"ன்னு ஸ்க்ரீன் சொன்னா அந்த 10 எவ்வளவு நிஜம்ங்கறதுதான். டிரில் பிட்டை இறக்கப் போறவங்களுக்கு அந்த நம்பர்தானே வேணும். அதனால இந்த ரிவ்யூ முழுக்க அதைப் பத்திதான், அதுவும் சிக்னலை உறிஞ்சுற பொருள்கள்ல, ஈரம் காயாத கான்கிரீட், களிமண், உப்பு ஏறின ஸ்லாப், இந்த மாதிரி இடத்துல மெஷின் எப்படி நடந்துக்குதுன்னு. காஞ்ச சுவர்ல எந்த மெஷினும் நல்லாத்தான் வேலை செய்யும்.

பிராண்ட் பேரும் மாடல் நம்பரும் போடல. இந்த சைஸ்ல, இந்த டைப்ல வர்ற ஸ்கேனர் எல்லாத்துக்கும் இயற்பியல் ஒண்ணுதான், நான் சொல்றதுல முக்கால்வாசி எந்த கம்பெனி மெஷினுக்கும் பொருந்தும், அதனால நீங்க பாத்துட்டு இருக்கிற மாடலுக்கும் இதை வெச்சு யோசிக்கலாம்.

மெஷின் பாக்க சின்னதுதான். நாலு சக்கரம், மேல கைப்பிடி, உள்ள அலையை அனுப்புற ஆன்டெனா ஒண்ணு, வாங்குற ஆன்டெனா ஒண்ணு, கூட ஒரு டேப்லெட். ஸ்டெப்டு ஃப்ரீக்வென்சி டைப், அதாவது ஒரே அடியா ஒரு துடிப்பை அனுப்பாம சில நூறு மெகாஹெர்ட்ஸ்ல ஆரம்பிச்சு 3, 4 கிகாஹெர்ட்ஸ் வரைக்கும் படிப்படியா ஃப்ரீக்வென்சியை ஏத்தி அனுப்பி, வந்ததை எல்லாம் சேத்து கணக்கு போட்டு துடிப்பா மாத்திக்கும். ஒரே மெஷின்ல மேலோட்டமா இருக்கிற கம்பியும் பளிச்சுன்னு தெரியுது, கொஞ்சம் ஆழத்துல இருக்கிறதும் தெரியுதுன்னா அதுக்கு இந்த அகலமான ஃப்ரீக்வென்சி ரேஞ்ச்தான் காரணம். சக்கரத்துல என்கோடர் இருக்கு, எவ்வளவு தூரம் உருண்டுச்சுன்னு அதுதான் சொல்லும், இதைப் பத்தி பின்னாடி கொஞ்சம் சொல்லணும்.

இப்ப விஷயத்துக்கு வரேன். இந்த மெஷினுக்கு ஆழம் தெரியாது. அது அளக்குறது நேரம் மட்டும்தான், அலை போய் பட்டுத் திரும்பி வர எத்தனை நானோசெகண்ட் ஆச்சுன்னு. அந்த நேரத்தை வேகத்தால பெருக்கி ரெண்டால வகுத்து செ.மீ.ன்னு காட்டுது. காத்துல ரேடியோ அலை ஒரு நானோசெகண்டுக்கு 30 செ.மீ. போகும். ஒரு பொருளுக்குள்ள போனா அந்த 30ஐ அந்தப் பொருளோட டைஎலெக்ட்ரிக் மதிப்போட (அலையை அந்தப் பொருள் எவ்வளவு மெதுவாக்குதுன்னு காட்டுற எண்) வர்க்கமூலத்தால வகுக்கணும். காத்துக்கு அந்த மதிப்பு 1, பனிக்கட்டிக்கு சுமாரா 3.2, காஞ்ச மணலுக்கு 3ல இருந்து 5, தண்ணிக்கு 80 கிட்ட. தண்ணி எவ்வளவு தள்ளி நிக்குது பாருங்க. கான்கிரீட்ல கொஞ்சம் ஈரம் சேந்தாலே மொத்த மதிப்பும் ஏறிடும், அலை மெதுவாயிடும், திரும்பி வர நேரம் ஆகும், மெஷினுக்கு அது ஈரத்தால வந்த தாமதம்னு தெரியாது, ஆழம் அதிகம்னு எடுத்துக்கும்.

நாங்க இதைத் தெரிஞ்சுக்கிறதுக்காகவே ஒரு டெஸ்ட் பிளாக் வார்த்தோம். உள்ள கம்பியை 5, 10, 15 செ.மீ. ஆழத்துல டேப் வெச்சு அளந்து கட்டி, 20 செ.மீ.ல ஒரு காலி பிவிசி பைப்பையும் போட்டு, எந்த இடத்துல எது இருக்குன்னு பக்கத்துல பெயின்ட்ல குறிச்சு வெச்சோம். ஷட்டர் பிரிச்சு ஒரு வாரத்துல, க்யூரிங் தண்ணி இன்னும் உள்ள நிக்கும்போது ஸ்கேன் பண்ணினா, மெஷின்ல வந்த டிஃபால்ட் டைஎலெக்ட்ரிக் மதிப்பு 6. அதுல 10 செ.மீ. கம்பியை 13.5 செ.மீ.ன்னு காட்டுது. உண்மையான மதிப்பு 11 கிட்ட இருந்தா கணக்குப்படி அப்படித்தான் வரும். இப்ப யோசிங்க, ஒரு எலெக்ட்ரீஷியன் "13ல தானே இருக்கு, நான் 11 வரைக்கும் போறேன், 2 செ.மீ. மிச்சம் இருக்கு"ன்னு ஆங்கர் ஓட்டை போட்டா நேரா கம்பியில போய் நிப்பாரு. கம்பின்னா பரவால்ல, பிட்டுதான் போகும். உள்ள போறது கரன்ட் கேபிளா இருந்தா, இல்ல இழுத்துக் கட்டின போஸ்ட் டென்ஷன் கேபிளா இருந்தா ஆளுக்கே ஆபத்து.

இதுல கவனிக்க வேண்டியது தப்பு எந்தப் பக்கம் போகுதுங்கறது. ஈரமான பொருள்ல டிஃபால்ட் செட்டிங் எப்பவுமே பொருளை இன்னும் ஆழமா இருக்கிற மாதிரிதான் காட்டும். டிரில் பண்றவங்களுக்கு அது ஆபத்தான பக்கம். அதனால ஈரம் எவ்வளவுன்னு தெரியாத இடத்துல நான் மதிப்பை வேணும்னே ஏத்தி, 10, 12ன்னு வெச்சு ஆரம்பிப்பேன். அப்ப மெஷின் கம்பியை மேலயே காட்டும், நாம முன்னாடியே நின்னுடுவோம். டெமோ காட்ட வந்தவர் டிஃபால்ட்டை தொடவே வேணாம், ஆட்டோமேட்டிக்கா வரும்னாரு. ஆட்டோமேட்டிக்கா எதுவும் வரல.

அதே பிளாக்கை மாசக்கணக்குல மழை படாம உள்ள காய விட்டு திரும்பப் பாத்தோம். அதே டிஃபால்ட் 6ல அந்தக் கம்பி இப்ப 11க்கு கொஞ்சம் கீழ வருது. கம்பி அங்கேயேதான் இருக்கு, மெஷின் அதேதான், மாறுனது உள்ள இருந்த தண்ணி மட்டும். இன்னொண்ணு, ஈரமா இருந்தப்ப அந்த 20 செ.மீ. பிவிசி பைப் ஸ்க்ரீன்ல இருக்கா இல்லையான்னே சொல்ல முடியாத அளவுக்கு ஒரு நிழல் மாதிரி இருந்துச்சு, காஞ்சப்புறம் தெளிவா வளைவு தெரிஞ்சுது. அதாவது ஈரம் ரெண்டு வேலை பண்ணுது: நம்பரைத் தப்பாக்குது, அதோட சிக்னலையும் தின்னுடுது.

முதல் பிரச்சனைக்கு இந்த மெஷின்ல நல்ல வழி இருக்கு, அதுக்கு நான் முழு மார்க் கொடுப்பேன். கம்பியைத் தாண்டி மெஷினை உருட்டும்போது கம்பி ஒரு புள்ளியா தெரியாது, கவுத்து வெச்ச வளைவா தெரியும், ஹைபர்போலான்னு சொல்லுவாங்க. மெஷின் கம்பிக்கு நேர் மேல வரும்போது தூரம் கம்மி, முன்னாடி பின்னாடி இருக்கும்போது சாய்வா பாக்குறதால தூரம் அதிகம், அதனாலதான் அந்த வளைவு. அந்த வளைவு எவ்வளவு அகலமா விரியுதுங்கறது அலையோட வேகத்தைப் பொறுத்தது. வேகம் அதிகம்னா அகலமா விரியும், ஈரத்துல மெதுவா போனா குறுகி கூம்பா நிக்கும். டேப்லெட்ல ஒரு மாதிரி வளைவு வரும், அதை விரலால இழுத்து ஸ்கேன்ல இருக்கிற வளைவு மேல சரியா உக்கார வெச்சா அந்த இடத்தோட டைஎலெக்ட்ரிக் மதிப்பு கிடைச்சிடும். எங்க ஈர பிளாக்ல இப்படி பொருத்திப் பாத்தப்ப மதிப்பு 11 வந்துச்சு, அதை செட் பண்ணினதும் 10 செ.மீ. கம்பி 10லயே வந்து உக்காந்துது. எனக்கு இந்த ஒரு வசதிக்காகவே மெஷின் பிடிச்சுப் போச்சு.

ஆனா வளைவைப் பொருத்தும்போது ரெண்டு இடத்துல ஏமாறுவீங்க. ஒண்ணு, கம்பியை செங்குத்தா தாண்டணும். சாய்வா தாண்டினா வளைவு உண்மையை விட அகலமா தெரியும், வேகம் அதிகம்னு வரும், ஆழமும் அதிகமா வரும். 30 டிகிரி சாய்ஞ்சாலே 15 சதவீதம் கிட்ட தப்பு, 45 டிகிரின்னா 40 சதவீதத்துக்கு மேல. அதனால முதல்ல ரெண்டு மூணு கோடு இணையா ஓட்டி கம்பி எந்தத் திசையில ஓடுதுன்னு தரையில சாக்பீஸ்ல போட்டுக்கிட்டு, அப்புறம் அதுக்கு குறுக்கா ஒரு கோடு ஓட்டி அதுல மட்டும் பொருத்துங்க. ரெண்டாவது, நான் முன்னாடி சொன்ன அந்த என்கோடர். ஈரமான தரை, பாலிஷ் பண்ண தரை, தூசி படிஞ்ச தரையில சக்கரம் சுத்தாம வழுக்கிட்டே போகும். மெஷின் 50 செ.மீ. நகந்திருக்கும், என்கோடர் 45ன்னு எழுதும். வளைவு குறுகிடும், வேகம் கம்மின்னு வரும், ஆழம் குறைச்சலா காட்டும். ஈரமான இடத்துலதான் வளைவுப் பொருத்தம் ரொம்பத் தேவை, அங்கதான் சக்கரமும் வழுக்குது, இது இந்த மெஷின் டிசைன்ல எனக்கு நிஜமாவே வருத்தமான விஷயம். சக்கரத்துல இருக்கிற ரப்பர் ரிங் ரொம்ப மெல்லிசு, சீக்கிரம் தேஞ்சும் போகுது. நான் தரையில டேப் விரிச்சு ஒரு மீட்டர் ஓட்டி ஸ்க்ரீன்லயும் ஒரு மீட்டர் வருதான்னு பாத்துட்டுதான் வேலையை ஆரம்பிப்பேன், நீங்களும் அதையே பண்ணுங்க.

வளைவை விட நம்பகமானது தெரிஞ்ச ஒரு ஆழம். ஸ்லாப்ல எங்கயாவது ஒரு ஓப்பனிங் இருந்தா, டக்ட் போற ஓட்டையோ படிக்கட்டு விளிம்போ, அங்க ஸ்லாப் தடிமனை டேப்ல அளந்துடுங்க. அப்புறம் அதுக்குப் பக்கத்துல ஸ்கேன் பண்ணி ஸ்லாப்போட அடிப்பக்க எதிரொலியைப் பிடிங்க. கான்கிரீட் முடிஞ்சு காத்து ஆரம்பிக்கிற இடத்துல அலையோட உயரத்துல பாதி திரும்பி வரும், டைஎலெக்ட்ரிக் 9னு வெச்சு கணக்கு போட்டா சரியா பாதி. அந்தக் கோடு டேப்ல அளந்த தடிமன்ல வந்து நிக்கிற மாதிரி மதிப்பை மாத்துங்க, அவ்வளவுதான். மேல் பக்கம் காஞ்சு உள்ள ஈரமா இருக்கிற ஸ்லாப்ல கூட இது மொத்த ஆழத்துக்கும் ஒரு சராசரியைக் கொடுத்துடும்.

இப்ப ரெண்டாவது பிரச்சனை, உறிஞ்சுறது. இதுக்கு எந்த செட்டிங்கும் மருந்து இல்ல, அதனால இதைக் கொஞ்சம் விரிவா சொல்றேன். ஒரு பொருள்ல மின்சாரம் எவ்வளவு சுலபமா ஓடுதோ அவ்வளவு வேகமா ரேடார் சிக்னல் அதுல சூடா கரைஞ்சு போகும். தண்ணி மட்டும் இருந்தா கூட ஓரளவு சமாளிக்கலாம், தண்ணியில உப்பு கரைஞ்சிருந்தா, இல்ல களிமண்ல தண்ணி சேந்தா, கதை முடிஞ்சுது. கணக்கு போட ஒரு எளிய வழி இருக்கு. கடத்துத்திறனை மீட்டருக்கு எத்தனை மில்லிசீமன்ஸ்னு எடுத்து 1.64ஆல பெருக்கி, டைஎலெக்ட்ரிக் மதிப்போட வர்க்கமூலத்தால வகுத்தா ஒரு மீட்டருக்கு எத்தனை டெசிபல் போகுதுன்னு வந்துடும் (டெசிபல்ங்கறது சிக்னல் எவ்வளவு குறையுதுங்கற அளவு, 10 டெசிபல் போனா பவர் பத்துல ஒரு பங்கா ஆயிடும்). ஈரக் களிமண்ணை எடுத்துப்போம், கடத்துத்திறன் 100, டைஎலெக்ட்ரிக் 16. மீட்டருக்கு 41 டெசிபல். போயிட்டு வரணும்ல, அப்ப 82. அதாவது ஒரு மீட்டர் ஆழத்துல இருக்கிற பைப்புக்குப் போயிட்டு வர்றதுக்குள்ள பவர் சுமார் 16 கோடில ஒரு பங்கா ஆயிடும். அலை விரிஞ்சு பரவுறதால போறதும், பைப்ல பட்டு கொஞ்சம்தான் திரும்புறதும் இதுல சேக்கவே இல்ல.

காஞ்ச மணல்ல கடத்துத்திறன் 1, டைஎலெக்ட்ரிக் 4னு போட்டா போக வர ரெண்டு டெசிபல் கூட ஆகாது. இதனாலதான் அண்டார்டிகாவுல வோஸ்டாக் ஏரி இருக்கிற இடத்துல கிட்டத்தட்ட 4 கி.மீ. பனிக்கட்டிக்கு அடியில வரைக்கும் ரேடார் பாக்க முடிஞ்சுது. 2019ல நிலாவோட மறுபக்கத்துல இறங்கின சாங்-4 கூட போன யூட்டு-2 ரோவர் 500 மெகாஹெர்ட்ஸ் ரேடார்லயே சுமார் 40 மீட்டர் ஆழம் வரைக்கும் பாத்துச்சு, அங்க மண்ணுல தண்ணி இல்ல. இங்க நம்ம காலுக்குக் கீழ இருக்கிற களிமண்ல ஒரு மீட்டர் தாண்டுறதுக்கே மூச்சு வாங்குது. கடல் தண்ணி ஊறின இடத்துல சுத்தம், கொண்டே போக வேண்டாம்.

சரி, இன்னும் பவர் உள்ள மெஷின் வாங்கினா ஆழமா பாக்கலாமேன்னு தோணும், நிறைய பேர் அப்படித்தான் பெரிய மாடலுக்குப் போறாங்க. அதே களிமண் கணக்கைப் பாருங்க. பவரை ரெண்டு மடங்கு பண்ணினா 3 டெசிபல் கூடும். 82ல 3 டெசிபல்னா நாலு செ.மீ. கூட இல்ல. பத்து மடங்கு பவர் போட்டாலும் 12 செ.மீ. தான் கூடுதலா கிடைக்கும். கலங்கின தண்ணிக்குள்ள டார்ச் அடிக்கிற மாதிரிதான், டார்ச்சைப் பெருசாக்கினா கொஞ்சூண்டு தூரம் கூடும், அவ்வளவுதான். அதனால உறிஞ்சுற பொருளுக்குன்னு மெஷின் தேடுறவங்க பெட்டி மேல இருக்கிற ஆழத்தைப் பாத்து ஒரு மாடலை இன்னொண்ணோட ஒப்பிடாதீங்க. வளைவுப் பொருத்தம் இருக்கா, எதுவும் மாத்தாத பச்சையான சிக்னலைக் காட்டுதா, ஸ்கேனை சேவ் பண்ணி பின்னாடி மதிப்பை மாத்திப் பாக்க விடுதா, இதைப் பாருங்க.

இன்னொரு நுணுக்கம், இதை யாரும் சொல்லித் தர்றதில்ல. உறிஞ்சுற பொருள் எல்லா ஃப்ரீக்வென்சியையும் ஒரே மாதிரி தின்னாது, மேல இருக்கிற ஃப்ரீக்வென்சியைத்தான் அதிகமா தின்னும். தண்ணி மூலக்கூறு அலையோட சேந்து ஆடி அதிகமா உறிஞ்சுற இடம் சாதாரண வெப்பநிலையில 17 கிகாஹெர்ட்ஸ் கிட்ட இருக்கு, மேல போகப் போக நாம அதை நெருங்குறோம். அதனால கூர்மையா உள்ள போன துடிப்பு ஆழத்துல இருந்து திரும்பும்போது மழுங்கி, நீண்டு, தொளதொளன்னு வருது. மெஷின் அதுல எந்த முகட்டைப் பிடிச்சு "இங்கதான் கம்பி"ன்னு சொல்லணும்? முதல் எழுச்சி நாய்ஸ்ல, அதாவது மெஷின்ல எப்பவும் இருக்கிற அர்த்தமில்லாத நடுக்கத்துல மூழ்கிடும், அடுத்த முகட்டைப் பிடிச்சிடும். 1 கிகாஹெர்ட்ஸ்ல அரை சுழற்சின்னா 0.5 நானோசெகண்ட், வேகம் நானோசெகண்டுக்கு 10 செ.மீ.ன்னா ஆழத்துல 2.5 செ.மீ. தள்ளிப் போயிடும். வேகத்தை எவ்வளவு சரியா செட் பண்ணியிருந்தாலும் இந்தத் தப்பு தனியா வரும், இதுவும் ஆழமா காட்டுற பக்கம்தான். ரொம்ப மோசமா உறிஞ்சுற இடத்துல வேகமே குறையும், இழப்பு விகிதம் (பொருள் அலையை எவ்வளவு கரைக்குதுன்னு காட்டுற எண்) 1ஐத் தொட்டா அலை வழக்கத்தை விட 9 சதவீதம் கிட்ட மெதுவா போகும், டைஎலெக்ட்ரிக் மதிப்பை மட்டும் வெச்சுப் போடுற கணக்குல அது வராது, வளைவு பொருத்தினா வரும்.

இதுக்கு இந்த மெஷின்ல இருக்கிற உருப்படியான விஷயம் ஏ-ஸ்கேன் பட்டன். கலர் படத்துல ஒரு இடத்தைத் தொட்டா அந்த ஒரு புள்ளியோட அலையை அப்படியே கோடா காட்டும். நான் ரொம்ப நம்புறது இதைத்தான். மேல பெருசா ஆட்டம், கீழ போகப் போகக் குறையும், ஒரு இடத்துக்கு அப்புறம் ஒழுங்கே இல்லாம சின்னச் சின்ன நடுக்கம் மட்டும் இருக்கும், அதுதான் நாய்ஸ். அதுக்குக் கீழ மெஷின் எதையும் பாக்கலைன்னு அர்த்தம். கலர் படத்துல இது தெரியாது, ஏன்னா கெயின், அதாவது சிக்னலைப் பெருக்கிக் காட்டுற செட்டிங், எல்லாத்தையும் தூக்கிக் காட்டிடும். உறிஞ்சினதை ஈடுகட்ட ஆழம் போகப் போக கெயின் ஏறும், கூடவே நாய்ஸும் ஏறும், படம் கீழ வரைக்கும் நிறைஞ்சு அழகா இருக்கும். அழகா இருக்குன்னு நம்பி "கீழ ஒண்ணும் இல்ல, தாராளமா வெட்டுங்க"ன்னு சொல்லிடாதீங்க. ரிப்போர்ட் எழுதும்போது நான் எப்பவும் "இத்தனை செ.மீ. வரைக்கும்தான் சிக்னல் கிடைச்சுது, அதுக்குக் கீழ சொல்ல முடியாது"ன்னு ஒரு வரி போட்டுடுவேன், கஸ்டமருக்கு அது பிடிக்குதோ இல்லையோ.

ஆட்டோ டிடெக்ஷன் பத்தி: கம்பி, பைப்னு அதுவே வட்டம் போட்டுக் காட்டுது. காஞ்ச ஸ்லாப்ல நல்லாவே இருக்கு. ஈர ஸ்லாப்ல நான் அதை ஆஃப் பண்ணிடுவேன். மேல இருக்கிற கம்பியோட எதிரொலி மேல்பரப்புக்கும் கம்பிக்கும் நடுவுல திரும்பத் திரும்ப அடிச்சு, சம இடைவெளியில கீழ கீழ வரும். 5 செ.மீ.ல கம்பின்னா 10ல ஒண்ணு, 15ல ஒண்ணுன்னு மங்கலா வந்தா சந்தேகப்படுங்க. ஆட்டோ டிடெக்ஷன் அதுக்கும் வட்டம் போடுது, ஈரத்துல மங்கலா இருக்கிற நிஜ பைப்பை விட்டுடுது. மெட்டலா, வெற்று பைப்பான்னு கண்டுபிடிக்கிறது ஓரளவு பரவால்ல. மெட்டல்லயும் தண்ணியிலயும் பட்டா அலை தலைகீழாத் திரும்பும், காத்துல பட்டா அப்படியே திரும்பும், அதை வெச்சு கலர் மாத்திக் காட்டுது. தண்ணி நிறைஞ்ச பிளாஸ்டிக் பைப் மெட்டல் மாதிரியே தெரியும், அதுக்கு மெஷினைக் குத்தம் சொல்ல முடியாது.

கம்பியோட விட்டத்தை இதுல எதிர்பாக்காதீங்க. நெருக்கமா பின்னின மெஷ்ஷுக்குப் பின்னாடியும் எதிர்பாக்காதீங்க. ஸ்டீல் ஃபைபர் கலந்த கான்கிரீட், ஃபாயில் ஒட்டின இன்சுலேஷன், இதெல்லாம் ரேடாருக்கு சுவர் மாதிரி, அங்க உறிஞ்சுறதுன்னு கூட இல்ல, உள்ளயே விடாது.

மண்ணுக்கு வர்ற தள்ளுவண்டி மாடலும், 400 மெகாஹெர்ட்ஸ், கொஞ்ச காலம் கையில இருந்துச்சு. களிமண்ல டைஎலெக்ட்ரிக் 16ன்னா வேகம் 7.5 செ.மீ., அலைநீளம் 19 செ.மீ. கிட்ட, அதுல கால் பங்கு, அதாவது 5 செ.மீ.க்குள்ள ஒண்ணு மேல ஒண்ணா ரெண்டு பொருள் இருந்தா ஒண்ணாத்தான் தெரியும். மணல்ல நல்ல மெஷின். களிமண்ல மழை பெஞ்ச மறுநாள் கொண்டு போகாதீங்க. மண்ணுல டைஎலெக்ட்ரிக் 10ன்னா கன அளவுல சுமார் 19 சதவீதம் தண்ணி, 20ன்னா 34 சதவீதம் கிட்ட, 1980ல டாப்னு ஒருத்தரும் கூட இருந்தவங்களும் கொடுத்த சமன்பாடு அது, இன்னைக்கும் அதைத்தான் எல்லாரும் பயன்படுத்துறாங்க. காஞ்சிருந்தப்ப 5ஆ இருந்த மண் மழையில 20 ஆச்சுன்னா வேகம் பாதியாயிடும், அப்ப போன மாசம் செட் பண்ணின மதிப்புல 50 செ.மீ. பைப் ஒரு மீட்டர்ல இருக்கிற மாதிரி காட்டும். அதனால மண்ணுல வேலைன்னா பக்கத்துல ஒரு மேன்ஹோலைத் திறந்து, உள்ள வர்ற பைப்போட மேல் முதுகு எவ்வளவு ஆழம்னு டேப் விட்டுப் பாத்து, அதே பைப் மேல ஸ்கேன் பண்ணி மதிப்பை சரி பண்ணிட்டு அப்புறம் நகருங்க. அந்த வேலையை அன்னன்னைக்கே செய்யணும்.

வேற மெஷின் எதுவும் வேணாமான்னா, வேணும். மேலோட்டமா இருக்கிற கம்பியோட கவர் (கம்பிக்கு மேல இருக்கிற கான்கிரீட் தடிமன்) மட்டும் அளக்கணும்னா கவர் மீட்டர் போதும், அது காந்தப்புலத்துல வேலை செய்யுது, ஈரம் அதை ஒண்ணும் பண்ணாது, விட்டமும் ஓரளவு சொல்லும். ஈர ஸ்லாப்ல நான் ரெண்டையும் சேத்துதான் யூஸ் பண்றேன், கவர் மீட்டர்ல ஒரு கம்பியோட ஆழத்தை எடுத்து அதையே ரேடாருக்கு தெரிஞ்ச ஆழமா கொடுத்துடுவேன், அப்புறம் பிளாஸ்டிக் பைப்பையும் கேபிளையும் ரேடார்ல தேடுவேன். இந்த ஜோடி எனக்கு ரொம்ப ஒத்து வருது. உள்ள காலியிடம், தேன்கூடு மாதிரி ஓட்டை விழுந்த கான்கிரீட், மொத்தத் தடிமன், இதுக்கெல்லாம் அல்ட்ராசோனிக் எக்கோ மெஷின் இருக்கு, ஒலிக்கு ஈரம் இவ்வளவு பெரிய தடையில்ல, ஆனா ஒவ்வொரு இடமா வெச்சு வெச்சு எடுக்கணும், வேலை மெதுவா நடக்கும்.

பேட்டரி, ஸ்க்ரீன் பத்தி பெருசா சொல்ல ஒண்ணுமில்ல, ஒரு நாள் வேலைக்கு தாங்குது, வெயில்ல ஸ்க்ரீன் மங்கலா இருக்கு. தலைக்கு மேல ஸ்லாப் அடியில பிடிச்சு ஓட்டும்போது கை வலிக்கும். சாஃப்ட்வேர்ல எனக்கு இருக்கிற பெரிய குறை, ஒரு ஸ்கேனுக்கு ஒரே டைஎலெக்ட்ரிக் மதிப்புதான் கொடுக்க முடியுது. பாத்ரூம் பக்கம் ஈரமா இருக்கும், ஹால் பக்கம் காஞ்சிருக்கும், ஒரே கோட்டுல ரெண்டும் வரும்போது பாதிக்கு ஒரு மதிப்பு, பாதிக்கு ஒரு மதிப்புன்னு கொடுக்க வழி வேணும். இப்போதைக்கு கோட்டை ரெண்டா உடைச்சு தனித்தனியா ஸ்கேன் பண்றேன். அடுத்த அப்டேட்ல இதைக் கொடுத்தா நிஜமாவே பெரிய உதவி.

பழைய காஞ்ச கட்டடங்கள்ல கோர் கட்டிங் பண்றவங்களுக்கு இதை தயங்காம சொல்லுவேன், வாங்குங்க. புதுசா வார்த்த ஸ்லாப், பேஸ்மென்ட், தண்ணித் தொட்டி, கடலோரக் கட்டுமானம்னு ஈரத்துலயே வேலை செய்றவங்க, கவர் மீட்டர் ஒண்ணு கூட இருந்தா மட்டும் வாங்குங்க. களிமண்ல பைப் தேடுறதுதான் முக்கிய வேலைன்னா முதல்ல வாடகைக்கு எடுத்து உங்க மண்ணுல ஓட்டிப் பாத்துட்டு முடிவு பண்ணுங்க.

டெமோ கேக்கும்போது அவங்க கொண்டு வர்ற ஷோரூம் பிளாக் மேல பாக்காதீங்க, அது வருஷக்கணக்கா காஞ்சு கிடக்கும். உங்க சைட்லயே, போன வாரம் வார்த்த ஒரு இடத்துக்கு, கம்பி எந்த ஆழத்துல இருக்குன்னு உங்களுக்குத் தெரிஞ்ச இடத்துக்கு கூட்டிட்டுப் போங்க. ஆழத்தை நீங்க சொல்லாதீங்க. டிஃபால்ட்ல என்ன காட்டுதுன்னு பாருங்க, அப்புறம் வளைவைப் பொருத்தச் சொல்லி என்ன வருதுன்னு பாருங்க, ஏ-ஸ்கேனைத் திறந்து எந்த ஆழத்துல நாய்ஸ் ஆரம்பிக்குதுன்னு விரல் வெச்சுக் காட்டச் சொல்லுங்க. வந்தவருக்கு அதைக் காட்டத் தெரியலைன்னா, காட்டத் தெரிஞ்ச இன்னொருத்தரை அனுப்பச் சொல்லி கேளுங்க, வாங்கினதுக்கு அப்புறம் ட்ரெய்னிங் கொடுக்கப் போறதும் அவங்கதான்.